பட்டியலில் நான் இருக்கிறேனாம்

எங்கள் அலுவலகக் கான்டீனில், என்னோடு வேலை செய்யும் ஆன்யா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே, உப்பை எடுத்துக் கொடு என்று கேட்கிற அதே குரலில், வருகிற ஞாயிற்றுக்கிழமை தான் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடப் போகிறாள் என்பதைச் சொன்னாள். போன தடவை யாருக்குப் போட்டாள், இந்தத் தடவை ஏன் மாற்றுகிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பக்கத்து மேசையில் எங்கள் மேலாளர் உட்கார்ந்திருந்தார். நான் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஆன்யா கேட்டாள். இவளை யாரோ கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. "பார்ப்போம்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவைத்தேன். "எதைப் பார்ப்பாய்? உனக்குத்தான் இங்கே ஓட்டே கிடையாதே" என்றாள். அதில் கிண்டல் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் தகவலைத் தகவலாகவே சொல்வார்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

ஹனோவருக்கு வந்து பதினொரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் எனக்கு இது பழகவில்லை. நான் பிறந்தது நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில் ஒரு ஊர். எங்கள் ஊர் பேக்கரி வாசலில் காலை ஐந்தரை மணிக்கே கருத்துகள் ஆரம்பித்துவிடும். ஓட்டுப் பெட்டியை நம்பலாமா, மெஷினை நம்பலாமா, கோழித் தீவனத்தைப் பற்றிப் பேசினால் மறுநாள் செல்லில் தீவன விளம்பரம் வருகிறதே அது எப்படி, பெரிய கம்பெனிக்காரன் ஓசியில் ஒன்றைக் கொடுத்தால் நம்மிடமிருந்து எதை எடுக்கிறான் என்று ஒரு டீக்குள் உலகத்தையே அலசிவிடுவார்கள். ஆனால் யாருக்குங்க ஓட்டு என்று கேட்டுப் பாருங்கள். "பாக்கலாங்க" என்று டம்ளரைக் கழுவ எழுந்து போய்விடுவார்கள். எல்லாக் கட்சிக்காரனுக்கும் எங்கள் தெருவில் ஆரத்தி உண்டு, எல்லோரிடமும் "உங்களுக்குத்தானுங்க" என்று தலையாட்டலும் உண்டு. அது பொய் இல்லை. வாசலுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஊர்க்காரனிடம் கான்டீனில் வைத்துக் கருத்துக் கேட்டால் சந்தேகப்படாமல் வேறென்ன செய்வான்?

அதோடு, சந்தேகப்படுவது இப்போது என் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. நான் ஒரு செயலி கம்பெனியில் வடிவமைப்பாளன். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த வாக்கியம் எந்தத் திரையில் வர வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. மாதச் சந்தா கட்டி உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கான செயலி அது. போன வருடம் முழுக்க என்னிடம் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சந்தாவை விட்டு விலக நினைக்கிறவர்களை விலக விடாமல் செய்வது. இங்கே சட்டப்படி விலகும் பொத்தான் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தாக வேண்டும். வைத்தோம். ஆனால் அதை அழுத்தினால் அடுத்த திரையில் "நிச்சயமாகவா?" என்று கேட்போம். அதற்கடுத்து, இதுவரை நீங்கள் ஓடிய தூரமெல்லாம் அழிந்துவிடும் என்று பயமுறுத்துவோம். கடைசியாக, "விலக வேண்டாம், கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பச்சைப் பொத்தான். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தவன் நான். பாதிப் பேர் அதைத்தான் அழுத்துகிறார்கள், அப்புறம் மறந்துவிடுகிறார்கள். அதற்காக எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. இந்த லட்சணத்தில் இருக்கிறவனிடம் எந்தப் படிவத்தைக் காட்டினாலும், இதை எழுதியவனுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் புத்தி ஓடும்.

இப்படி இருக்கையில்தான் செந்திலிடமிருந்து செல்லுக்கு ஒரு படம் வந்தது. செந்தில் என்னோடு பத்தாவது வரை படித்தவன். இப்போது ஊரில் தீவனக் கடை வைத்திருக்கிறான், ஒரு கட்சிக்குப் பூத் ஏஜெண்டாகவும் இருக்கிறான். ஊரில் வாக்காளர் பட்டியலைப் புதிதாகத் திருத்தி எழுதுகிறார்கள், வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எந்தப் படிவமும் கொடுக்கவில்லை. ஆக என் பெயர் போயிருக்கும் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லாமல் இருந்து, பிறகு அதை விட்டும்விட்டேன். அவன் அனுப்பியது வரைவுப் பட்டியலின் படம். குமரேசன், வயது நாற்பத்தொன்று, எங்கள் வீட்டுக் கதவு எண், மீசை முளைத்த புதிதில் எடுத்த என் போட்டோ. கீழே அவன் குரல் பதிவு: "மாப்ள, உன்ற பேரு வந்துருச்சு பாரு! நாங்க உட்ருவமா?"

அந்த 'உட்ருவமா'தான் எனக்கு உறுத்தியது. ஊரில் இல்லாத ஒருவனின் பெயரைப் பட்டியலில் வைத்திருக்க ஒரு பூத் ஏஜெண்டுக்கு என்ன அக்கறை? ஓட்டு நாளன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வராதவன் பெயரில் ஓட்டை எவனாவது போட்டுவிட்டுப் போவது பற்றிச் சின்ன வயதிலிருந்து கதை கதையாகக் கேட்டவன் நான். மதிய இடைவேளையில் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"நாந்தான் ஃபார்மே குடுக்கலியே, அப்பறம் எப்பிடிடா வந்துச்சு?" என்றேன்.

"வந்துருச்சேன்னு சந்தோசப்படுவியா, அத உட்டுப்போட்டுக் கேள்வி கேக்கற?"

"எம்பேர்ல யாரு ஓட்டுப் போடப் போறா? அத மொதல்ல சொல்லு."

  கடையில் ஆள் இருந்ததால் செந்தில் குரலை அடக்கித்தான் பேசினான். "என்ற தம்பி பிரபு பேரே போயிருச்சுடா. அவன் சத்தீஸ்கர்ல போர்வெல் போடற ரிக் வண்டியில கெடக்கறான். பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயிட்டா, ஊடு பூட்டியிருந்துச்சு, மூணு தடவ வந்து பாத்துட்டுப் பேர அடிச்சுட்டாங்க. கூடப் பொறந்தவம் பேரையே காப்பாத்த முடியாதவன், உன்ற பேர வெச்சு என்னடா பண்ணப் போறேன்? வெளிநாடு போனா இப்பிடித்தான் புத்தி போவுமாட்ட இருக்குது." போனை வைத்துவிட்டான்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை, ஆள்தான் மாறியது. அவன் இல்லையென்றால் வேறு யார்? படத்தின் ஓரத்தில் எங்கள் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான அலுவலரின் செல் எண்ணை யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அங்கன்வாடி டீச்சர்தான் அந்தப் பொறுப்பு. கூப்பிட்டேன். மல்லிகா என்று பெயர் சொன்னார், வீடு ராசிபுரம், எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு மாற்றலாகி வந்து ஏழு மாதம்தான் ஆகிறதாம்.

"ஏனுங்க, உங்கம்மாதானுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க" என்றார். "ஊட்ல பெரியவங்க யாரு போட்டாலும் செல்லுங்க. பையன் எங்கீங்கன்னு கேட்டனுங்க. வண்டிக்குப் போயிருக்கான், பொங்கலுக்கு வந்துருவான்னாங்க. நம்மூர்ல பாதி ஆம்பளைங்க அப்பிடித்தானுங்களே? நானும் வந்துருவாருன்னு எழுதிக்கிட்டனுங்க."

நான் ஜெர்மனியில் பதினொரு வருடமாக இருக்கிறேன் என்றேன்.  "வெளிநாட்டுலயாங்க?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "சரிதானுங்க... இது இப்ப எவனாச்சும் புகார் குடுத்தா, விசாரிக்காம சேத்துட்டன்னு என்றமேல வந்துருமுங்களே. உங்கம்மா போட்டதும் உறுதிமொழிங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இந்த வேலை ஒண்ணுதானுங்க." நான் அவரைச் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்தார். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

வண்டிக்குப் போயிருக்கான். இந்தச் சொல்லை வெளியூர்க்காரர்களுக்கு எப்படி விளக்குவது? என் அப்பா லாரி டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அது பெரிய விஷயம். நாக்பூர், கௌஹாத்தி, அங்கேயிருந்து எங்கே லோடு கிடைக்கிறதோ அங்கே. வாசலில் யார் வந்து கேட்டாலும் அம்மா "இல்லைங்க" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "வண்டிக்குப் போயிருக்காருங்க, வந்துருவாரு" என்றுதான் சொல்வாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் பதில். வண்டியேறிப் போனவனைப் பற்றி இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது. அப்பா தெருமுனை தாண்டும்வரை வாசல் கூட்டக் கூடாது, எங்கே போறீங்க என்று பின்னாலிருந்து கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது பக்கத்துப் பையன் வரவில்லை என்றால்கூட, "அவன் வண்டிக்குப் போயிருக்கான் சார்" என்று கத்திவிட்டு நாங்கள் எல்லோரும் சிரிப்போம். போனவன் எத்தனை மாதம் ஆனாலும் எங்கள் கணக்கில் ஊரில்தான் இருக்கிறான்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு தேர்தல் வந்தது. அப்பா அன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வண்டியைக் கிருஷ்ணகிரியில் கிளீனரிடம் விட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி வந்திருந்தார். குளிக்கவில்லை, கண் சிவந்திருந்தது. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். திரும்பி வந்து கம்பஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தார், விரல் மையை என்னிடம் காட்டினார். யாருக்குப்பா போட்டீங்க என்றேன். "அது உனக்கெதுக்கு சாமி" என்று தலையில் தட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவிடமும் சொல்லவில்லை. எந்தக் கட்சி என்பது அவருக்கு ரகசியம், ஆனால் தான் இந்த ஊர்க்காரன் என்பதை ஊரே பார்க்க வேண்டும். மூன்று பஸ் மாறி வந்தது அதற்குத்தான். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது.

அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினாள். எருமைக்குத் தண்ணி காட்டணும் என்றாள், செல்லில் சார்ஜ் இல்லை என்றாள். நான் விடவில்லை. எதுக்கும்மா பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்ட என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன்.

"நானென்ன கள்ள ஓட்டுப் போடவா போட்டேன்?" என்று அம்மாவும் சத்தம் போட்டாள். "அந்தப் பிள்ளை ரெண்டு ஃபார்ம் கொண்டாந்துச்சு. உங்கப்பம் பேரு ஒண்ணு, உன்ற பேரு ஒண்ணு. உங்கப்பனுக்கு இறந்துட்டாருன்னு எழுதிக் கையெழுத்து வாங்குச்சு. போட்டேன். போட்டுட்டு, இந்தப் பேரெல்லாம் என்னம்மா பண்ணுவீங்கன்னு கேட்டேன். செத்தவங்க, ஊர உட்டுப் போனவங்க, ஆளு இல்லாதவங்க எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிப் பஞ்சாயத்து ஆபீசு செவுத்துல ஒட்டுவாங்களாமா. உங்கப்பம் பேருக்குக் கீழயே உன்ற பேரையும் எழுதி ஒட்டச் சொல்றியா? எந்தக் கைலடா நான் அதுக்குக் கையெழுத்துப் போடறது?"

 செந்தில், டீச்சர், கட்சி என்று எவனெவனையோ சந்தேகப்பட்டேன். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை. அந்தப் படிவத்தை எவன் வடிவமைத்தானோ அவனும் நினைத்திருக்க மாட்டான். செத்தவனுக்கும் ஊர்விட்டுப் போனவனுக்கும் ஒரே தாள் என்பது ஒரு வடிவமைப்பாளனுக்கு வெறும் சௌகரியம். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், ஒரு திரை மிச்சம் என்று.

மறுநாள் கான்டீனில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஆன்யாவிடம் இதைச் சொன்னேன். நான் ஊரில் இல்லை, ஆனால் என் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஏனென்றால் நான் லாரியில் போயிருக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள் என்றேன். "பெத்ரூக்" என்றாள் முதலில். மோசடி என்று அர்த்தம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ லாரி ஓட்டுவதாக உன் அம்மா நினைக்கிறார்களா? எவ்வளவு நாளாக?" என்று மெதுவாகக் கேட்டாள். ரொம்ப நாளாக என்றேன். சாயங்காலம் என் மேசைக்கு வந்து, வயதானவர்களின் ஞாபக மறதி பற்றிய ஒரு சின்ன கையேட்டை வைத்தாள். அவள் அத்தைக்கும் அப்படித்தான் ஆரம்பித்ததாம், பெற்ற மகளையே தபால்காரி என்றாளாம். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண். அவளிடம் இல்லை ஆன்யா, எங்கம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அந்த வாக்கியத்துக்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் நன்றி என்று சொல்லிக் கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கே பெயர் சேர்க்க எவரும் வீட்டுக்கு வருவதில்லை. குடி வந்த இரண்டு வாரத்துக்குள் நாமே போய் 'ஆன்மெல்டுங்' செய்ய வேண்டும், அதாவது இந்தத் தெருவில், இந்த எண்ணில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். வீடு மாறினால் மறுபடி. நான் நாலு தடவை வீடு மாறிவிட்டேன், நாலும் அவர்களிடம் இருக்கிறது. ஒரு குடிமகனுக்குப் பதினெட்டு வயது ஆனால் ஓட்டுப் போட அழைப்பு தானாகவே தபாலில் வரும். நான் எங்கே தூங்குகிறேன் என்பது வரை இவர்களுக்குத் தெரியும், ஆனால் நான் யாரை நினைக்கிறேன் என்று ஒருபோதும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் நான் எங்கே தூங்குகிறேன் என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரியாது, ஆனால் ஓட்டு இருக்கிறது. இரண்டில் எது நல்லது என்று பேக்கரி வாசலில் கேட்டால் ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள்.

செந்திலிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தம்பி பெயரை மறுபடி சேர்க்க மல்லிகா டீச்சரே படிவம் வாங்கிப் போயிருக்கிறார் என்றான். வெளிநாட்டு வாக்காளர் என்று தனிப் படிவம் ஒன்று இருக்கிறது, அதைப் போடு, பேரு இருந்தாப்ல இருக்கும் என்று வழியும் சொன்னான். நான் அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். வேறு நாட்டின் குடியுரிமையை நான் பெறவில்லை என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் என் குட்டு இருந்தது. போன வருடம் வைகாசியில் நான் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டேன். அது கிடைத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. பொங்கலுக்கு வருகிறேன், லீவு கிடைத்தால் வருகிறேன் என்றுதான் சொல்லி வந்தேன். பதினொரு வருடமாக நானும்தான் சொல்லி வந்தேன். அம்மா டீச்சரிடம் சொன்னது அவளாகக் கட்டிய பொய் இல்லை, நான் கொடுத்த பொய்தான். சில மாதத்தில் பொய்யாகப் போகிற இன்னொரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. டீச்சரின் வேலை, அம்மாவின் கையெழுத்து, இரண்டும் இதில் மாட்டியிருந்தன. என் பெயரை எடுத்துவிடச் சொல்வது என்று முடிவு செய்தேன். அதற்கு அம்மாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை எனக்கு, அங்கே மத்தியானம் தாண்டிய நேரம். நான் கேட்டுக்கொண்டபடி டீச்சர் பெயர் நீக்கும் படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் செல்லில் வீடியோவில் பேசினோம். அம்மா முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, நான் இந்த நாட்டுக்காரன் ஆகறதுக்கு எழுதிக் குடுத்துட்டேன். இனி அங்க வந்து இருக்கறாப்ல இல்லம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. செல்லை டீச்சர் கையிலிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டாள்.

"அப்ப அங்க லிஸ்ட்ல சேத்துட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா. ஆறு மாசமோ, ஒரு வருசமோ ஆகும்."

"அப்ப அதுவரைக்கும் நீ எதுலயும் இல்லியா?"

 அம்மா டீச்சர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க அம்மிணி, அவுங்க அங்க சேக்கறவரைக்கும் இங்க எடுக்காதீங்க. இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம ஒரு ஆளு எப்பிடீங்க இருக்கறது? சேத்தாங்கன்னு தகவல் வந்தொடனே நானே வந்து கையெழுத்துப் போடறனுங்க." பொய் சொல்கிற குரல் இல்லை அது. நியாயமான ஏற்பாடு ஒன்றைச் சொல்கிற குரல். டீச்சரின் குரல் மட்டும் கேட்டது. "அப்பிடி முடியாதுங்கம்மா" என்றார். "வர்ற வெள்ளிக்கிழமையோட கடைசி நாளுங்க. அப்பறம் என்ற தலைக்கு வந்துருமுங்க."

 அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட நேரம் பிடிக்கும். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதுவாள். செல்லைக் கட்டிலில் வைத்துவிட்டதால் எனக்குத் தகர ஓடும் ஒரு மூங்கில் கழியும் மட்டும்தான் தெரிந்தன. பேனா உரசும் சத்தம் கேட்டது. "நிரந்தரமா குடிபெயர்ந்தவர்னு டிக் போடறனுங்கம்மா" என்று டீச்சர் சொன்னதும் கேட்டது.  முடிந்தது என்று நினைத்தேன். எனக்குக்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, ஒளித்து வைத்ததெல்லாம் போயிற்று என்று.

அப்போது பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வந்து செல்லை நிமிர்த்தினாள். கையில் ரேஷன் கார்டு. அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பெயர்கள் இருக்கிற இடத்தில் விரலை வைத்து டீச்சரிடம் நீட்டினாள்.

"இதுலயும் இருக்கறானுங்க. இதுலயும் எடுத்துருங்க" என்றாள்.

"அது எங்க வேலை இல்லீங்கம்மா, தாலுக்கா ஆபீசுங்க" என்றார் டீச்சர் தயங்கிக்கொண்டு.

"நீங்களே குடுத்து எடுக்கச் சொல்லீருங்க. கரண்டு பில்லு, பேங்கு, எதெதுல இருக்கறானோ எல்லாத்துலயும் ஒரே நாள்ல எடுத்துருங்க. மத்த ஊட்லயெல்லாம் இதுக்கு யாரு கையெழுத்துப் போடறாங்களோ தெரியாது, இங்க நான் ஒருத்திதான். அவங்கப்பனுக்குப் போட்டேன், இப்ப இவனுக்குப் போட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க."

பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும், யார்மேலும் பழி வரக் கூடாது என்று கிளம்பியவன் நான்தான். அந்தக் கார்டில் என் பெயர் இருப்பதும் தப்புத்தான், எனக்குத் தெரியும். "அம்மா, அது இருக்கட்டும்மா" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "அத மட்டும் எடுக்க வேண்டாம். அது இருக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். செல்லுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்ததால் அவள் நெற்றியும் கார்டின் ஓரமும்தான் தெரிந்தன, எழுத்து எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. "எதுக்குடா?" என்றாள். என்னிடம் காரணம் இல்லை. டீச்சர், "லைன் கட்டாவுதுங்க, அப்பறம் பேசறனுங்க" என்று செல்லை வாங்கினார். படம் ஒரு தடவை சுழன்று, வாசல் தெரிந்து, நின்றுவிட்டது. அம்மா அந்தக் கார்டைத் திரும்ப பீரோவில் வைத்தாளா, டீச்சரின் பையில் போட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வாரா வாரம் பேசுகிறோம். எருமை, மழை, பிரபு குழந்தைக்குப் பெயர் வைத்தது எல்லாம் பேசுகிறோம். எல்லோரையும் எல்லாவற்றையும் கேள்வி கேட்டுக் குடைகிற நான், இதை மட்டும் இன்றுவரை அம்மாவிடம் கேட்கவில்லை.